எனாக்சாபரின் ஊசியை வீட்டில் பாதுகாப்பாகப் போட்டுக்கொள்ளும் முறை

செயற்கை இதய வால்வு பொருத்திக்கொண்டவர்களுக்கும், மாரடைப்புக்குப் பின் இதய அறைக்குள் இரத்தக்கட்டி உருவானவர்களுக்கும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரை முழுமையாக வேலை செய்யத் தொடங்கும்வரை எனாக்சாபரின் ஊசியை மருத்துவர்கள் எழுதித் தருவதுண்டு. மருத்துவமனையில் செவிலியர் போட்டுவந்த ஊசியை, வீடு திரும்பிய பின் நோயாளியோ வீட்டாரோ போட வேண்டியிருக்கும். இந்த ஊசியும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துதான். அளவு குறைந்தால் கட்டி உருவாகலாம். கூடினால் உடலுக்குள் இரத்தம் கசியலாம். ஆகவே, ஊசி குத்தத் தெரிந்துகொள்வதற்கு முன்பே, எழுதித் தந்த அளவு நோயாளிக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

சிகிச்சைக்கான வழக்கமான அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 மி.கி. வீதம் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. இந்த மருந்தை உடலிலிருந்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்பதால், சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு அதே அளவை நாளுக்கு ஒரு முறை மட்டுமே தருவார்கள். நோயாளியின் இன்றைய எடையையும், கடைசியாக எடுத்த கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) அளவையும் மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். வயதானவர்கள் விஷயத்தில் பழைய சீட்டில் உள்ள எடையையே நம்பிக்கொண்டிருப்பது ஆபத்தானது. எனாக்சாபரின், ஹெப்பாரின் என்ற மருந்து வகையைச் சேர்ந்தது; மருந்துக்கடையில் அதற்குப் பதிலாக வேறொரு ஹெப்பாரின் வகையைக் கொடுத்தால் வாங்காதீர்கள். பெயர் ஒத்திருந்தாலும் அளவுக் கணக்கு வேறு.

மருந்து நிரப்பிய சிரிஞ்சுகளில் 40 மி.கி. 0.4 மி.லி. ஆகவும், 60 மி.கி. 0.6 மி.லி. ஆகவும் இருக்கும். முழு அளவையும் போடுவதாக இருந்தால் உள்ளே தெரியும் காற்றுக்குமிழை வெளியேற்ற வேண்டியதில்லை. வெளியேற்ற முயன்றால் அதோடு மருந்தும் சிந்திவிடும். 50 மி.கி. தேவைப்படுபவர், அளவுக்கோடு போட்ட 60 மி.கி. சிரிஞ்சை ஊசிமுனை கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்து, 0.5 மி.லி. கோடு வரும்வரை மிகுதியை வெளியே தள்ளிவிட்டுப் பிறகு போட வேண்டும்.

கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, நோயாளியைச் சாய்ந்தோ படுத்தோ இருக்கச் செய்யுங்கள். தொப்புளிலிருந்து குறைந்தது 5 செ.மீ. தள்ளி, வயிற்றின் பக்கவாட்டில் தழும்போ கன்றிப்போன தடமோ இல்லாத இடத்தைத் தேர்ந்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து உலர விடுங்கள். கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் தோலைச் சதையோடு மடிப்பாகப் பற்றி, ஊசியை நேர்செங்குத்தாக முழு நீளமும் இறக்கி, பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்துப் பார்க்காமல், மெதுவாகக் கடைசிவரை அழுத்துங்கள். மருந்து முழுவதும் இறங்கி, ஊசியை நேராக வெளியே எடுத்த பிறகே பிடித்த மடிப்பை விட வேண்டும். போட்ட இடத்தைத் தேய்த்துவிடுவது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். இந்த ஊசிக்கு அது கூடவே கூடாது, தேய்த்தால் இரத்தம் கன்றிப் பரவும். காலையில் வலப்பக்கம் என்றால் இரவில் இடப்பக்கம் என்று மாற்றி மாற்றிப் போட்டு, நேரத்தையும் பக்கத்தையும் ஒரு நோட்டில் உடனே எழுதி வையுங்கள். வீட்டில் இருவர் மாறி மாறி ஊசி போடும்போது, ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாமல் இரண்டாம் முறை போட்டுவிடுவதை அந்த நோட்டுத்தான் தடுக்கும்.

ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் தவறியதை விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. ஐ.என்.ஆர். (மாத்திரை எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) சரியான அளவை எட்டிவிட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை, மாத்திரை தொடங்கியாயிற்றே என்று ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் போன்றவற்றைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவதும், காய்ச்சலுக்கு இடுப்பில் ஊசி போட்டுக்கொள்வதும் இரத்தக்கசிவை வரவழைக்கும். பல் பிடுங்குவதற்கும் முதுகுத்தண்டில் மயக்க ஊசி போடுவதற்கும் முன்பு இந்த மருந்து எடுப்பதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

மருந்தை அட்டைப்பெட்டியில் அச்சிட்டுள்ள வெப்பநிலையில் வைத்திருங்கள்; உறைந்துபோன மருந்து பயன்படாது. பயன்படுத்திய ஊசியை மூடியிட முயலாமல், தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, நிறைந்ததும் மருத்துவமனையில் ஒப்படைத்துவிடுங்கள்.

ஊசி போட்ட இடத்தில் சிறிய ஊதாத் தடம் வருவது இயல்பு. மலம் கரியாகப் போவது, சிறுநீரில் இரத்தம், நிற்காத மூக்குக்கசிவு, திடீரென்று வரும் கடும் தலைவலி, கை கால் தளர்வு, தலையில் அடிபடுவது ஆகிய எதுவாயினும் அடுத்த ஊசியைப் போடாமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். சிகிச்சை தொடங்கி 5 முதல் 10 நாட்களுக்குள் பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் அணுக்கள்) எண்ணிக்கை சரியக்கூடும் என்பதால், மருத்துவர் எழுதித் தந்த இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேர்ந்தால் அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். மருந்தின் வீரியத்தை ஓரளவு முறிக்கும் புரோட்டமினை எவ்வளவு கொடுப்பது என்பதை, கடைசி ஊசி போட்ட நேரத்தையும் அளவையும் வைத்தே அங்குள்ள மருத்துவர் கணக்கிடுவார்.