மூன்றாம் முறை முடித்த புள்ளியியல் பாடம்

மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில், ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் (NPTEL) திட்டத்தின் 12 வாரப் புள்ளியியல் பாடத்தில் இரண்டு முறை சேர்ந்து, இரண்டு முறையும் நான்காம் வாரத்தோடு நின்றுபோனேன். சேரக் கட்டணம் இல்லாததால் விட்டுவிடுவதும் எளிதாக இருந்தது. நேரமில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மையில், இரவில் படுத்தபடியே காணொளியை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, புரிந்துவிட்டதாக நம்பியதே கோளாறு.

மூன்றாம் முறை, அந்த வார அசைன்மென்ட் கேள்விகளை முதலில் நோட்டில் எழுதிக்கொண்டு, தடுமாறிய இடங்களுக்கு மட்டும் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். 2, 4, 9 என்ற மூன்று எண்கள் கொண்ட மாதிரியின் (sample) சராசரி 5. சராசரியிலிருந்து விலகல்கள் -3, -1, 4. இவற்றின் கூட்டுத்தொகை எப்போதும் பூச்சியம் என்பதால் இரண்டு தெரிந்தாலே மூன்றாவது தானாக வந்துவிடுகிறது. ஆகவேதான் எண்கள் எவ்வளவு சிதறியுள்ளன என்று காட்டும் மாறுபாட்டுக்கு (variance), விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டி மூன்றால் அல்லாமல் இரண்டால் வகுக்கிறார்கள் என்பது, கையால் எழுதியபோதுதான் பிடிபட்டது.

12 அசைன்மென்ட்களில் சிறந்த 8 மட்டுமே கணக்கில் வரும் என்பதால், ஊருக்குப் போய் ஒரு வாரம் தவறியபோதும் பதறவில்லை. தேர்வுக்கு முன்கூட்டியே பணம் கட்டியதும் (கஞ்சத்தனம்தான்) என்னை இழுத்துப் பிடித்தது.