பெற்றோல் மிச்சம் பிடிக்கக் காரில் கைவைக்க முன்

வாகனத்துக்குக் கைவைத்தியம் பார்ப்பது வன்னியில் புதிதல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் சூப்பிப் போத்தலால் காபரேட்டருக்குள் (காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்கு விடும் பகுதி) கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய சனம் நாங்கள். அந்தக் கெட்டித்தனத்தை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் அது சரிவந்தது மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற பழைய எஞ்சின்களில். அவற்றின் அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது, 7, 8 அளவுதான். கணினியும் இல்லை, சென்சரும் இல்லை. அதோடு, அது தட்டுப்பாட்டைச் சமாளிக்கச் செய்த வேலை. சிக்கனத்துக்காக யாரும் அதைச் செய்யவில்லை, அதற்கான விலையை எஞ்சின்கள் கொடுத்தும் இருக்கின்றன.

2022இல் எரிபொருளைப் பங்கிடக் கியூஆர் முறை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றானபோது, பலருடைய கை மறுபடி பொனற்றுக்குள் போனது. இப்போது பொனற்றுக்குள் இருப்பது வோகன் ஆர், அக்குவா எஞ்சின்கள். அமுக்க விகிதம் 11க்கும் மேலே. அதில் மண்ணெண்ணெய் கலந்தால் எரிபொருள் நேரத்துக்கு முன்னமே பற்றிக்கொண்டு 'டக் டக்' என்று அடிக்கும்; பிஸ்ரனுக்கு ஆபத்து, புகைக்குழாயில் புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டரும் பழுதாகும். டீசல் வாகனத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றினால் பம்புக்கும் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டருக்கும் வேண்டிய வழுவழுப்புக் குறைந்து அவை தேயும். மிச்சம் பிடித்த காசு ஒரு இன்ஜெக்டருக்குக்கூடக் காணாது.

சந்தையில் விற்கிற கருவிகளைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. எரிபொருள் குழாயில் கட்டும் காந்தத்தால் பெற்றோலுக்கு ஒன்றும் ஆகாது. சிகரெட் லைற்றர் துவாரத்தில் செருகுகிற சாமான் வெளிச்சம் மட்டும் போடும். தண்ணீரைப் பிரித்து வாயுவாக்கி எஞ்சினுக்குள் விடும் பெட்டி கொஞ்சம் புத்திசாலித்தனமாகத் தெரியும். ஆனால் தண்ணீரைப் பிரிக்க மின்சாரம் வேண்டும், அதைக் காரில் மின்சாரம் உண்டாக்கும் அல்ரனேற்றர் தர வேண்டும், அல்ரனேற்றரைச் சுற்றுவது அதே எஞ்சின், அதே பெற்றோல். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் வீணாகும். போட்டதைவிடக் குறைவாகத்தான் திரும்பி வரும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் இப்படியான 100க்கும் மேற்பட்ட கருவிகளைப் பார்த்துவிட்டது; மிகச் சிலவற்றில்தான் ஏதோ சிறிது பயன் இருந்தது.

கூடுதல் சேதம் செய்வது காசு கொடுத்து வாங்கிப் பூட்டுவதல்ல, சும்மா கழற்றி எறிவது. முதலாவது எயர் பில்டர். 'எஞ்சின் நல்லா மூச்சு விடட்டும்' என்று அதை எடுத்துவிட்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒட்டுசுட்டான், விசுவமடுப் பக்கத்து உள்வீதிகளின் கிரவல் புழுதியை நினைத்துப் பாருங்கள். அது உள்ளே போய் ஒயிலோடு சேர்ந்தால் சிலிண்டர் சுவரை அரம்போல ராவும். பிறகு எஞ்சின் ஒயில் குடிக்கத் தொடங்கும். இத்தனைக்கும் லாபம் ஒன்றுமில்லை. இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் உள்ளே போகிற காற்றுக்கேற்பத்தான் கணினி பெற்றோலை விடுகிறது. பில்டர் அடைத்தால் இழுவை குறையுமே தவிர, பெற்றோல் செலவு பெரிதாக மாறாது என்று அமெரிக்காவில் சோதித்தே கண்டிருக்கிறார்கள். காபரேட்டர் வாகனத்தில்தான் அழுக்குப் பில்டர் செலவைக் கூட்டும். எப்படியோ, புழுதி வீதியில் ஓடுகிறவர் பில்டரை நேரத்துக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது தெர்மோஸ்டற், எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேற்றருக்குப் போகவிடாத வால்வு. 'இந்த வெயிலுக்கு இது எதுக்கு?' என்று கராஜிலேயே பிடுங்கி எறிந்துவிடுவார்கள். எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இதுதான். எஞ்சின் 80, 90 பாகை செல்சியசில் வேலைசெய்யவென்று செய்யப்பட்டது. தெர்மோஸ்டற் இல்லாவிட்டால், விடியப்புறம் ஏ9 வீதியில் ஓடும்போது தண்ணீர் சூடேறவே மாட்டாது. எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று கணினி நினைத்துப் பெற்றோலைக் கூட்டி விடும். மிச்சம் பிடிக்கப் போய் செலவு கூடும். கார் உண்மையிலேயே கொதிக்கிறதென்றால் காரணம் வேறெங்கோ: ஃபான், வாட்டர் பம்ப், அல்லது ரேடியேற்றர். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கேத்திலின் அடியில் படிகிற அதே சாமான் ரேடியேற்றருக்குள்ளும் படியும். கூலன்ற்தான் ஊற்ற வேண்டும்.

இதற்கு நேரெதிரான ஒன்றும் யூரியூபில் ஓடுகிறது: காற்றுத் தடையைக் குறைக்க முன் கிறில்லை மட்டையால் மூடுவது. அது பனிபெய்யும் நாட்டுக்காரரின் வேலை. வைகாசி வெயிலில் ஏசியும் போட்டுக்கொண்டு மாங்குளத்தால் போகிறவருக்கு அல்ல.

ரயர் காற்று: சாரதிப் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுதான் சரியான அளவு, அதுவும் காலையில் ரயர் குளிர்ந்திருக்கும்போது. காற்று ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் செலவு சுமார் 0.2 சதவீதம் கூடும். இதைக் கேட்டுவிட்டு 45, 50 என்று ஏற்றினால் ரயரின் நடுப்பகுதி மட்டும் தேயும், கிரவலில் வழுக்கும், இரவில் ஏ9இல் மாடு படுத்திருந்தால் பிரேக் பிடிக்கக் கூடுதல் தூரம் வேண்டும்.

நியூற்றலில் விட்டு ஓடுவதும் வீண். கியரில் வைத்துக் காலை எடுத்தால் இன்ஜெக்‌ஷன் எஞ்சின் பெற்றோலை அறவே நிறுத்திவிடும்; நியூற்றலில் அது சும்மா சுற்றிக் குடித்துக்கொண்டிருக்கும். இறக்கமே இல்லாத வன்னியில் இந்த வித்தையை யார் கொண்டுவந்தாரோ தெரியாது.

ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் பின் சீட்டுப் பக்கம் இருக்கும் பற்றரிக் காற்றுத் துவாரத்தைச் சாமான் அடுக்கியோ சீட் கவர் போட்டோ மறைக்கக் கூடாது. பற்றரி சூடானால் எஞ்சின்தான் கூட வேலைசெய்யும். 'சூட்டுக்கு நல்லது' என்று மெல்லிய 0டபிள்யூ-20 ஒயில் கேட்கிற எஞ்சினுக்குத் தடித்த 20டபிள்யூ-50 ஒயில் விடுவதும் செலவைக் கூட்டும்.

சரி, 'நான் பூட்டினேன், லீற்றருக்கு ரெண்டு கிலோமீற்றர் கூட ஓடினதே' என்பவருக்கு என்ன சொல்வது? எந்த மாதம், எந்தப் பக்கம் ஓடினீர்கள் என்று கேளுங்கள். தென்மேற்குக் காற்றான சோழகம் வீசும்போது கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போனால் ஆனையிறவு வெளியில் காற்றுப் பின்னாலிருந்து தள்ளும். திரும்பி வரும்போது முகத்தில் அடிக்கும். புதுச் சாமான் பூட்டியவர் காலை மெதுவாக வைப்பதும் வழக்கம். மிச்சம் அந்தக் காலால் வந்திருக்கலாம். ஆகவே ஒரே பெற்றோல் செற்றில், ஒரே பம்பில், தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். போய்த் திரும்பி வந்து மறுபடி அப்படியே நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லீற்றரால் பிரியுங்கள். பூட்டியும் கழற்றியும், அதே வேகத்தில், பல தடவை. அதற்கு முன் கூரையில் சும்மா கிடக்கும் கரியரைக் கழற்றி வீட்டில் வையுங்கள். கழற்ற வேண்டியது அது ஒன்றுதான்.