ஆட்டோரிஃப்ராக்டோமீட்டரைச் சோதிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘கம்ப்யூட்டர் கண் பரிசோதனை’ என்று கண்ணாடிக் கடைகள் பலகை வைப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தேவையான கண்ணாடிப் பவரைத் தானாக அளக்கும் ஆட்டோரிஃப்ராக்டோமீட்டர் என்னும் கருவியை நம்பித்தான். புதிதாக வந்த கருவி சரியாக அளக்கிறதா என்று சோதிக்கும் வேலை பெரும்பாலும் பணியில் புதிதாகச் சேர்ந்த ஆப்டோமெட்ரிஸ்ட்டின் (பார்வையைப் பரிசோதித்துக் கண்ணாடி அளவு சொல்பவர்) தலையில் விழுகிறது. அவர்கள் செய்யும் தவறுகள், எங்கள் தலைமுறை செய்தவற்றிலிருந்து சிறிதும் மாறவில்லை. தாடையைச் சரியாக வைக்காதது, லென்ஸைத் துடைக்காதது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை பழகப் பழகத் தாமே திருந்திவிடும்.

மாதிரிக் கண்ணோடு சோதனையை முடித்துக்கொள்வது

கருவியோடு வரும் மாதிரிக் கண் அசையாது, இமைக்காது, கிட்டத்துப் பொருளைப் பார்ப்பதுபோல் தன் குவியத்தை மாற்றிக்கொள்ளவும் செய்யாது. அதில் குறித்திருக்கும் அளவு திரையில் வந்துவிட்டால், அந்த ஒரு புள்ளியில் கருவி பிசகவில்லை என்பது மட்டுமே உறுதியாகும். குழந்தையின் கண்ணோ கருவிக்குள் தெரியும் படத்தைப் பார்த்ததும் குவியத்தைக் கூட்டிவிடுகிறது. அதனால் இல்லாத கிட்டப்பார்வை இருப்பதாகவும், இருக்கும் கிட்டப்பார்வை கூடுதலாகவும் பதிவாகின்றன. சிறுவர்களிடம், குவியம் மாறுவதைத் தற்காலிகமாகத் தடுக்கும் சைக்ளோபென்டலேட் போன்ற சொட்டு மருந்து போட்டு எடுத்த அளவையும் போடாமல் எடுத்த அளவையும் ஒரே அட்டவணையில் கலப்பவர்கள், கருவியைச் சோதிக்கவில்லை.

வெர்டெக்ஸ் தூரத்தைப் பார்க்காமல் ஒப்பிடுவது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான். கார்னியாவுக்கும் (கண்ணின் முன்புறத் தெளிவான படலம்) கண்ணாடி வில்லையின் பின்பரப்புக்கும் இடையிலுள்ள தூரமே வெர்டெக்ஸ் தூரம். பல கருவிகளில் இதை 0, 12, 13.75 மி.மீ. என்று மாற்றிவைக்க முடியும்; 0 என்பது கான்டாக்ட் லென்ஸுக்கான அளவைத் தரும். 12 மி.மீ. தூரத்தில் –10 டயாப்டர் (வில்லையின் பவரை அளக்கும் அலகு) தேவைப்படும் கண்ணுக்குக் கார்னியாவின் மேலேயே வைத்தால் ஏறத்தாழ –8.93 போதும். அதே கணக்கில் –2 என்பது –1.95 ஆகிறது, கால் டயாப்டர் படிகளில் அளவைக் காட்டும் கருவியில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. பிழை குறைந்த பவரில் ஒளிந்துகொண்டு அதிகப் பவரில் மட்டும் தலைகாட்டுவதால்தான் இத்தனை பேர் இதில் ஏமாறுகிறார்கள்.

ஓரிடத்தில், பழைய கருவி 12 மி.மீ.யிலும் புதியது 0 மி.மீ.யிலும் இருக்க, இரண்டையும் ஒப்பிட்ட இளைஞர் ஒருவர், புதியது அதிகக் கிட்டப்பார்வையைக் குறைத்துக் காட்டுகிறது என்று அறிக்கை எழுதினார். –5 என்று குறித்த மாதிரிக் கண் –4.75 காட்டியபோதே அவர் நின்றிருக்க வேண்டும். கால் டயாப்டர்தானே என்று கடந்துவிட்டார். அறிக்கையை நம்பிய பழுதுபார்ப்பவர் எல்லா அளவுகளுக்கும் ஒரே நிலையான திருத்தத்தைச் சேர்த்துவிட, அதிகப் பவர்கள் ஓரளவு பொருந்தின. குறைந்த கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கெல்லாம் தேவைக்கு மேல் மைனஸ் விழுந்தது. கருவியை மீண்டும் நிலைக்குக் கொண்டுவரவும், இடையில் பார்த்தவர்களைத் திரும்ப அழைத்துப் பரிசோதிக்கவும் பல வாரங்கள் ஆயின. அச்சிட்ட ஒவ்வொரு சீட்டின் தலையிலும் வி.டி. என்ற எழுத்துகளோடு வெர்டெக்ஸ் தூர எண் இருந்தது, ஒருவரும் படிக்கவில்லை.

தூரத்தைக் கவனித்தவர்களும் அடுத்த படியில் சறுக்குவதுண்டு: ஸ்பியரை (எல்லாத் திசைக்கும் பொதுவான பவர்) மட்டும் மாற்றிவிட்டுச் சிலிண்டரை (ஒரு திசையில் மட்டும் கூடும் பவர்) அப்படியே விட்டுவிடுகிறார்கள். இரண்டு மெரிடியன்களையும் (ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகள்) தனித்தனியே மாற்ற வேண்டும். –10 ஸ்பியர், –2 சிலிண்டர் என்றால் மெரிடியன்கள் –10, –12. கார்னியாவில் அவை –8.93, –10.49 ஆகின்றன. ஆகவே சிலிண்டர் 2 அன்று, 1.56தான். ட்ரையல் ஃப்ரேமில் (சோதனை வில்லைகளைச் செருகும் சட்டம்) எடுத்த ரெட்டினாஸ்கோப்பி (கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிக் கையால் அளக்கும் முறை) அளவோடு ஒப்பிடுவதானால், அந்த ஃப்ரேம் அந்த மூக்கில் எவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்பதையும் அளந்தே ஆக வேண்டும்.

ஆக்சிஸைச் சராசரி எடுப்பது

ஆக்சிஸ் என்பது சிலிண்டரின் திசையைக் குறிக்கும் கோணம். 178, 2 ஆகிய ஆக்சிஸ்களின் சராசரி 90 என்று கணினி சொல்லும். 0-வும் 180-ம் ஒரே திசை என்பதால் சரியான விடை 180. ஸ்பியர், சிலிண்டர், ஆக்சிஸ் மூன்றையும் பவர் வெக்டர்களாக (திசையையும் உள்ளடக்கிய எம், ஜே0, ஜே45 என்ற மூன்று எண்கள்) மாற்றிய பிறகே கூட்டலும் வகுத்தலும் செய்ய வேண்டும்.

ஒட்டுறவுக் கெழுவைக் கண்டு மகிழ்வது

ஒரு கருவி எல்லோருக்கும் ஒரு டயாப்டர் கூடுதலாகக் காட்டினாலும் ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்குவதைக் காட்டும் எண்) 1 என்றே வரும். புள்ளியியலாளர்களான பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இல் லான்செட் இதழில் விளக்கியபடி, இரண்டு அளவுகளுக்கும் இடையிலான வேறுபாட்டை அவற்றின் சராசரிக்கு எதிரே குறித்துப் பாருங்கள். பவர் ஏற ஏற வேறுபாடு சாய்ந்துகொண்டே போனால், முதலில் வெர்டெக்ஸ் அமைப்பைத் திறந்து பாருங்கள்.

பிளஸ் சிலிண்டரையும் மைனஸ் சிலிண்டரையும் கலப்பது

ஒரே பவரைப் பிளஸ் சிலிண்டராகவும் மைனஸ் சிலிண்டராகவும் எழுத முடியும்; ஒரே வடிவத்துக்கு மாற்றாமல் ஒப்பிடாதீர்கள்.

இரு கண்களை இரு நபர்களாக எண்ணுவது

ஒருவரின் இரு கண்களும் பெரும்பாலும் ஒத்தே இருக்கும் என்பதால், ஒரு கண்ணை மட்டும் கணக்கில் எடுங்கள்.