ஸ்பீக்கர் டெர்மினல்: எந்த உலோகம், எந்த முலாம்?

ஸ்பீக்கரின் பின்னால் வயரை மாட்டும் உலோக முனைதான் டெர்மினல். அதில் கை வைக்கும் முன் ஆம்ப்ளிஃபையரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

1. உள்ளே என்ன உலோகம் என்று பாருங்கள்

பெரும்பாலானவை பித்தளை. செம்போடு ஒப்பிட்டால் அதன் மின்கடத்தும் திறன் ஏறத்தாழ கால் பங்குதான். விற்பவர்கள் இதைச் சொல்லித்தான் விலை உயர்ந்த செம்பு டெர்மினலை நம் தலையில் கட்டுவார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 செ.மீ. நீளமும் 10 சதுர மி.மீ. குறுக்குவெட்டுப் பரப்பும் உள்ள பித்தளைத் துண்டின் மின்தடை சுமார் 0.13 மில்லி ஓம். 5 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் இழுத்தால், போகவர அதன் மின்தடை சுமார் 70 மில்லி ஓம். பித்தளையே போதும். காந்தத்தில் பலமாக ஒட்டுகிற இரும்பு டெர்மினலை மட்டும் ஒதுக்குங்கள்.

2. முலாமைத் தேர்ந்தெடுங்கள்

தங்கத்தைவிடச் செம்பும் வெள்ளியும் நன்றாக மின்சாரம் கடத்தும். ஆனாலும் தங்க முலாம் பூசுவது, அது கறுக்காது, களிம்பு ஏறாது என்பதற்காக. அதற்கடியில் நிக்கல் அடுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் பித்தளையிலுள்ள செம்பும் துத்தநாகமும் மெல்ல மேலேறிவிடும். வெள்ளி, காற்றிலுள்ள கந்தகத்தால் கறுக்கும். அவ்வப்போது துடைக்கச் சலிக்காதவர்கள் வாங்கலாம். ரோடியம் கடினமானது, தேயாது. வீட்டு ஸ்பீக்கருக்கு அது வீண் செலவு என்பேன். வெறும் நிக்கலும் மோசமில்லை, திருகை நன்றாக இறுக்கினால்.

தங்க டெர்மினலில் வெள்ளீய முலாம் பூசிய முனையை மட்டும் மாட்டாதீர்கள். அதிர்வில் இரண்டும் உரசி, வெள்ளீயம் ஆக்சைடாகி, இணைப்பு விட்டுவிட்டு வேலை செய்யும்.

3. வயரை மாட்டுங்கள்

முனையில் 10 முதல் 12 மி.மீ. வரை உறையை நீக்கி, இழைகளை முறுக்குங்கள். திருகி இறுக்கும் டெர்மினல் என்றால் இழைகளில் சாலிடர் (உருக்கி ஒட்டும் உலோகக் கலவை) வைக்காதீர்கள். அழுத்தத்தில் அது மெல்ல நசுங்கி, பிடி தளர்ந்துவிடும். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒற்றை இழை நீட்டிக்கொண்டு அடுத்த முனையைத் தொட்டாலும் ஷார்ட் ஆகி ஆம்ப்ளிஃபையர் பழுதாகலாம்; டார்ச் அடித்துப் பாருங்கள்.

கடைசியாக வயரை லேசாக இழுத்துப் பாருங்கள். அசைந்தால் மறுபடி இறுக்குங்கள். புதிய செம்பு இழைகள் சில நாளில் படிந்து தளரும் என்பதால், ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை திருகைச் சோதியுங்கள்.