கவுட் அழற்சிக்கு மருந்துச் சேர்மங்களைச் சோதிப்பது எப்படி?

யூரிக் அமில உப்பின் படிகங்கள் மூட்டில் சேர்ந்து வீக்கமும் வலியும் தரும் நோய் கவுட். சாந்தைன் ஆக்சிடேஸ் நொதியைத் தடுத்தாலே ஒரு சேர்மத்துக்குக் கவுட் மருந்து என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். அது யூரிக் அமிலம் உருவாவதைக் குறைக்கும் வேலை. மூட்டு வீங்கி வலிப்பது வேறு கதை. மோனோசோடியம் யூரேட் (யூரிக் அமிலத்தின் சோடியம் உப்பு) படிகங்களை மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல் விழுங்கியதும், அதனுள் என்எல்ஆர்பி3 இன்ஃப்ளமசோம் என்ற புரதக் கூட்டு ஒன்றுகூடி, காஸ்பேஸ்-1 நொதி வழியாக இன்டர்லூகின்-1பீட்டா என்ற அழற்சிப் புரதம் வெளியே வருகிறது. அழற்சியைச் சோதிப்பவர் இந்தப் பாதையைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் படிகம். 250 மி.கி. யூரிக் அமிலத்தை 45 மி.லி. நீரில் போட்டு, 10 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 300 மைக்ரோலிட்டர் சேர்த்து, முழுவதும் கரையும்வரை கொதிக்க வையுங்கள். சூடாக இருக்கும்போதே 0.2 மைக்ரான் வடிகட்டியில் செலுத்துங்கள். ஆறினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். 5 மோலார் சோடியம் குளோரைடு 1 மி.லி. விட்டு, 26 டிகிரியில் 7 நாள் வையுங்கள். பிறகு எத்தனால், அசிட்டோனில் கழுவி உலர்த்துங்கள். முனைவாக்க நுண்ணோக்கியில் ஊசி ஊசியாக, எதிர்மறை இரட்டை ஒளிவிலகலுடன் தெரிய வேண்டும்.

எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் வெளியுறையில் உள்ள நச்சு) இல்லாத நீர், 250 டிகிரியில் 30 நிமிடம் சுட்ட கண்ணாடிப் பாத்திரம், கடைசியில் எண்டோடாக்சினைக் கண்டறியும் எல்ஏஎல் சோதனை: இம்மூன்றிலும் சலுகை வேண்டாம். மாசுபட்ட படிகத்தோடு சோதித்தால், எண்டோடாக்சினை மட்டும் தடுக்கும் சேர்மம்கூடக் கவுட் மருந்தாகத் தோன்றும்.

அடுத்து செல். 96 குழித் தட்டில் குழிக்கு 1 லட்சம் டிஹெச்பி-1 செல்கள் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனித மோனோசைட் வகை). அவற்றை மேக்ரோபேஜ் போல மாற்றும் பிஎம்ஏ 100 நானோமோலாரில் 24 மணி நேரம். ஊடகம் மாற்றி இன்னொரு நாள் ஓய்வு. செல்லை முன்கூட்டியே தயார்ப்படுத்த, எல்பிஎஸ் (அளவறிந்து நாமே சேர்க்கும் எண்டோடாக்சின்) 100 நானோகிராம்/மி.லி. 3 மணி நேரம் கொடுத்துக் கழுவிவிடுங்கள். அதன் பிறகே சேர்மம். ஒரு மணி நேரம் கழித்து, படிகம் 200 மைக்ரோகிராம்/மி.லி., இரவு முழுவதும். சீரம் புரதங்கள் படிகத்தின்மேல் ஒட்டி அதன் வீரியத்தை மாற்றும் என்பதால் ஊடகத்தில் சீரத்தைக் குறைத்துவிடுங்கள். சேர்மத்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ எல்லாக் குழியிலும் ஒரே அளவு, 0.1 சதவீதத்துக்குள். படிகம் நொடிகளில் அடியில் தங்கிவிடும்; ஒவ்வொரு வரிசைக்கும் முன் குலுக்காவிட்டால் கடைசிக் குழிகளில் வெறும் உப்பு நீர்தான் விழும்.

தட்டை 300 ஜி-யில் 5 நிமிடம் சுழற்றி, மேல்நீரை மட்டும் எடுத்து எலிசா (எதிர்ப்பொருளால் புரத அளவை அளக்கும் சோதனை) செய்யுங்கள். எலிசாவில் இன்டர்லூகின் குறைந்ததும் மகிழ வேண்டாம். செத்த செல்லும் எதையும் சுரக்காது. எல்டிஹெச் (செல் சிதைந்தால் வெளியே கசியும் நொதி) கூடி இன்டர்லூகின் குறைந்தால் அது நச்சு. இன்ஃப்ளமசோம் இல்லாமலே சுரக்கும் டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதத்தையும் அளந்து பாருங்கள்: அதுவும் சரிந்தால் சேர்மம் இன்ஃப்ளமசோமை மட்டும் தொடுவதாகச் சொல்ல முடியாது. சில எலிசாக்கள் முதிராத 31 கிலோடால்டன் வடிவத்தையும் சேர்த்தே எண்ணும். முதிர்ந்த வடிவத்தின் 17 கிலோடால்டன் பட்டையை, புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். நிறமுள்ள தாவரச் சாறுகள் எல்டிஹெச் அளவீட்டையே கெடுக்கும். செல் இல்லாத குழியில் சாறை மட்டும் விட்டு ஒப்பிடுங்கள்.

ஒப்பீட்டுக்கு எம்சிசி950 (என்எல்ஆர்பி3 தடுப்பான்) 1 மைக்ரோமோலார், கோல்கிசின் (பழைய கவுட் மருந்து) 1 மைக்ரோமோலார் இரண்டும் வேண்டும். தனியாக, படிகத்துக்குப் பதில் நைஜெரிசின் (இன்ஃப்ளமசோமைத் தூண்டும் இன்னொரு பொருள்) 10 மைக்ரோமோலார் கொடுத்த குழிகளும் வையுங்கள். நைஜெரிசினுக்கு, செல் படிகத்தை விழுங்கும் படியே தேவையில்லை. படிகம், நைஜெரிசின் இரண்டின் தூண்டலையும் தடுத்தால் சேர்மம் இன்ஃப்ளமசோமிலோ அதற்குப் பின்னாலோ வேலை செய்கிறது. படிகத்தை மட்டும் தடுத்தால் விழுங்கும் கட்டத்தில். அல்லது, சேர்மம் படிகத்தோடேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். சேர்மத்தில் ஊறவைத்த படிகத்தைக் கழுவி, புதிய செல்களுக்குக் கொடுத்தால் அது வெளிப்பட்டுவிடும்.