ஆரல்வாய்மொழிக் காற்றை அறைக்குள் கொண்டுவருவது: சிமுலேட்டரில் காரின் ஹேண்ட்லிங்கைச் சோதிக்கும் முறை

தோவாளைச் சந்தையில் பூ ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்கு வேன் ஓட்டியவர் என் அப்பா. ஆடி மாதம் முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே லாரியை முந்தி வெளியே வந்தால், காற்று பட்டென்று அடித்து வேன் அலம்பும். பயமாக இல்லையா என்று ஒரு நாள் கேட்டேன். "மக்களே, காத்து தள்ளட்டும். தள்ளின பொறவு வண்டி எங்க போவும்னு எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்" என்றார்.

இன்று சென்னையில் கார் உருவாக்கும் குழுவில் ஹேண்ட்லிங், அதாவது ஸ்டியரிங்குக்கும் காற்றுக்கும் கார் எப்படிப் பதில் சொல்கிறது என்று சோதிப்பதுதான் என் வேலை. அப்பா சொன்னதைவிடத் தெளிவான விளக்கம் இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை. நாகர்கோவில் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளிலிருந்து இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் சிமுலேட்டரை, அதாவது திரைக்கு முன்னால் அசையும் மேடையில் உட்கார்ந்து கார் ஓட்டும் கருவியை, எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்கிறார்கள். நான் செய்யும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் கேள்வியை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். "ஹேண்ட்லிங் நல்லா இருக்கா?" என்பதற்குச் சிமுலேட்டர் பதில் சொல்லாது. "100 கி.மீ. வேகத்தில் பக்கக் காற்று அடித்தால், தடித்த ஆன்டி ரோல் பாரோடு (கார் பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பி) டிரைவருக்குத் திருத்தம் குறைகிறதா?" என்று கேட்டால் சொல்லும்.

அடுத்து மாடலை, அதாவது சிமுலேட்டருக்குள் இருக்கும் காரின் கணினி வடிவத்தை, சரிபாருங்கள். ஏற்கெனவே அளந்த ஒரு காரை எடுத்து, ஐஎஸ்ஓ 4138 என்ற சர்வதேசத் தரம் சொல்லும் வட்ட ஓட்டத்தையும் ஐஎஸ்ஓ 7401 சொல்லும் திடீர் ஸ்டியரிங் திருப்பத்தையும் மாடலில் ஓட்டுங்கள். ஸ்டியரிங் கோணம், பக்கவாட்டு முடுக்கம், கார் திரும்பும் வீதம் மூன்றும் நிஜக் காரைச் சோதனைத் தடத்தில் ஓட்டி அளந்த கோடுகளோடு ஒட்ட வேண்டும். டயர் தரவில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கும். ஒரு முறை வேறு அளவு டயரின் தரவு மாடலில் இருந்ததைக் கவனிக்காமல் மூன்று நாள் ஓட்டினோம். எழுதிய குறிப்பு அத்தனையும் வீண். அன்றிலிருந்து காலையில் நான் திறக்கும் முதல் கோப்பு டயர் கோப்புதான்.

தாமதத்தையும் அளந்துவிடுங்கள். டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்பியதற்கும் திரையும் மேடையும் அசைவதற்கும் இடையில் சில பத்து மில்லி செகண்ட் கூடினாலே அவர் கூடுதலாகத் திருப்பிவிட்டு, பிறகு திரும்ப இழுப்பார். பழியைக் காரின் மேல் போடுவார்.

டிரைவர் உட்கார்ந்ததும் சோதனையை ஆரம்பிக்காதீர்கள். பத்து பதினைந்து நிமிடம் சும்மா ஓட்டட்டும். அறை குளிர்ச்சியாக இருக்கட்டும். தலை சுற்றுகிறது என்றால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள். குமட்டலோடு கொடுத்த மதிப்பெண்ணை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது.

சரி, இனி காற்று. காரின் பக்கத்தில் விழும் காற்று விசை பெரும்பாலும் எடை மையத்துக்கு முன்னால் அழுத்துகிறது. அதனால் கார் பக்கவாட்டில் நகர்வதோடு மூக்கும் காற்றுப் போகும் திசைக்குத் திரும்பும். மாடலில் பக்க விசை, திருப்பு விசை இரண்டையும் கொடுங்கள். நான் 100 கி.மீ. வேகத்துக்கு நொடிக்கு 20 மீட்டர் காற்று வைக்கிறேன். லாரி மறைவிலிருந்து வெளியே வரும் நொடியில் அது அடிக்க வேண்டும். முப்பந்தலில் ஒரு காற்று போல் இன்னொன்று அடிக்காது. அறையில் அதே காற்றை அச்சு மாறாமல் நூறு தடவை அடிக்க வைக்கலாம். சிமுலேட்டருக்காகச் செய்யும் செலவு இதற்குத்தான்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எதை மாற்றினீர்கள் என்று டிரைவரிடம் சொல்லாதீர்கள். வரிசை அ, ஆ, அ என்று இருக்கட்டும். மூன்றாவதாக வருவது பழைய அமைப்பே என்று அவருக்குத் தெரியக் கூடாது. இரண்டு "அ"வுக்கும் மதிப்பெண் வெகுவாக வேறுபட்டால் அன்றைய மதிப்பெண்களை நம்பாதீர்கள். நிஜக் காரில் பார் மாற்ற ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் முந்தைய உணர்வு கையை விட்டுப் போய்விடும். இங்கே சில நொடிதான்.

பத்துக்கு எத்தனை என்று கேட்கும் முன் அவரைப் பேச விடுங்கள், பதிவு செய்யுங்கள். "பிந்திப் பதில் சொல்லுது", "நடுவுல வெறுமையா இருக்கு" போன்ற வார்த்தைகளை அப்படியே எழுதிவையுங்கள். எண்ணை வாங்கிய பிறகு கேட்டால், அந்த எண்ணுக்கு ஏற்ற காரணத்தைத்தான் சொல்வார்கள்.

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் சாலை மாதிரி நீண்ட வளைவுகளில் சிமுலேட்டரை அளவோடு நம்புங்கள். நீண்டு சுருங்கும் ஆறு கால்களில் நிற்கும் சிமுலேட்டர் மேடையால் தொடர்ந்து பக்கவாட்டு விசை தர முடியாது. மெல்லச் சாய்ந்து, புவியீர்ப்பில் ஒரு பங்கை அப்படி உணர வைக்கிறது. நேர் சாலையில் சின்ன ஸ்டியரிங் அசைவு, லேன் மாற்றம், காற்று ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்க அது நல்லது. டயர் பிடி விடும் எல்லையைத் தடத்தில்தான் தீர்மானிக்க வேண்டும். ஐஎஸ்ஓ 3888-2 சொல்லும் 61 மீட்டர் தடை தவிர்ப்புச் சோதனையை ஒரகடத்தில் உள்ளதுபோன்ற மூடிய தடத்தில் மட்டுமே செய்யுங்கள், பொதுச் சாலையில் ஒருபோதும் வேண்டாம்.

கடைசியில் தேறிய இரண்டு அமைப்புகளை மட்டும் நிஜக் காரில் போட்டு, காற்றுக் காலத்தில் அதே டிரைவரை ஆரல்வாய்மொழி வழியாக அளவான வேகத்தில் ஓட்டச் சொல்லுங்கள். அறையில் முதலில் வந்தது சாலையிலும் முதலில் வருகிறதா என்று பாருங்கள். வரிசை மாறினால் டயர் கோப்பைத் திறங்கள். அது சரியாக இருந்தால், அடுத்து ஸ்டியரிங் உராய்வின் அளவு.