ஸ்குவிட் திணறும்போது எங்கே பார்ப்பது

வெள்ளவத்தையில் எங்கள் அலுவலகத்தில் காலை 9 மணிக்கு எல்லோரும் ஒன்றாக பிரவுசரைத் திறப்பார்கள்; எல்லோருடைய இணையக் கோரிக்கைகளையும் இடையில் நின்று கையாண்டு, வந்த பக்கங்களைச் சேமித்து (கேஷ்) வைக்கும் ப்ராக்ஸி மென்பொருளான ஸ்குவிட் திணறும். இணைய வேகத்தைக் கூட்டக் காசு கட்டுவதற்கு முன் ஸ்குவிட் தன் எச்சரிக்கைகளை எழுதும் கேஷ் லாக்கைப் பாருங்கள். ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் இணைப்புக்கும் லினக்ஸ் தரும் எண்) தீர்கிறது என்ற எச்சரிக்கை இருந்தால், பெரும்பாலும் 1024 என்ற வரம்பில் முட்டி நிற்கிறது. லினக்ஸிலும் ஸ்குவிட் அமைப்பிலும் அதை உயர்த்துங்கள்.

அப்புறம் ராம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். 64 பிட் சர்வரில், டிஸ்க்கில் வைக்கும் ஒவ்வொரு ஜிபி கேஷுக்கும் அதன் இன்டெக்ஸுக்கு (எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல்) மட்டுமே சுமார் 14 எம்பி ராம் போகும். 100 ஜிபிக்கு 1.4 ஜிபி, கேஷ் மெமரிக்கு (ராமிலேயே வைக்கும் கேஷ்) ஒதுக்கியது தனி. ராம் போதாமல் டிஸ்க்கை ராம் போலப் பயன்படுத்தும் ஸ்வாப் தொடங்கிவிட்டால் வேறு எதைத் திருத்தியும் பலனில்லை, டிஸ்க் கேஷைத் தயங்காமல் குறையுங்கள்.

டிஸ்க் கேஷின் சேமிப்பு முறை, டிஸ்க் வேலை முடியும்வரை ஸ்குவிட்டைக் காக்கவைக்கும் யுஎஃப்எஸ் என்றால், அப்படிக் காக்கவைக்காத ஏயுஎஃப்எஸ்ஸுக்கு மாற்றுங்கள். தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸின் பதில் நேரத்தையும் ஒருமுறை பாருங்கள்.